காட்டு லார்க்ஸ்பரை அதன் மண்ணில் தேடி இனம் காண்பது: முழுமையான வழிகாட்டி

லார்க்ஸ்பரைத் தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் பூவிலிருந்துதான் தொடங்குகிறார்கள். நீலமாக ஏதாவது தென்பட்டதும் ஒரு படம் எடுத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டுகிறார்கள். அந்த ஒரே படத்தை வைத்து எந்த இனம் என்று சொல்ல முடியாது என்பது அப்போதுதான் தெரியவரும். லார்க்ஸ்பர் என்று அழைக்கப்படும் டெல்ஃபினியம் பேரினத்தில் 300க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை நீலம், இல்லையென்றால் ஊதா. நிறத்தை வைத்துப் பிரிக்கப் பார்த்தால் பாதி வழியிலேயே நின்றுவிடுவீர்கள்.

நிலம், நாள், பூவின் அமைப்பு, தண்டின் அடி, ரோமம், காய் என்று போனால் வேலை நடக்கும். கீழே உள்ள படிகள் ஏறக்குறைய அந்த வரிசையில்தான் இருக்கின்றன. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலிருந்து வருகின்றன. இமயமலைக்குப் பொருந்துபவை ஆங்காங்கே வரும்.

1. கிளம்பும் முன்

பத்து மடங்கு பெரிதாக்கும் கை லென்ஸ், மில்லிமீட்டர் கோடுள்ள சிறிய அளவுகோல், பென்சில், நோட்டு, மெல்லிய கையுறை, கை கழுவத் தனியாக ஒரு பாட்டில் தண்ணீர், சோப்பு. பேனா வேண்டாம், மலையில் மழை வந்தால் எழுதியதெல்லாம் கரைந்துவிடும். உள்ளங்கை அகலத்துக்கு மங்கிய சாம்பல் நிற அட்டை ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். அது எதற்கு என்று 8ஆம் படியில் தெரியும்.

கை லென்ஸை எழுத்துப் படிக்கும் பூதக்கண்ணாடி மாதிரி எட்டிப் பிடிப்பது புதியவர்கள் எல்லோரும் செய்வது. லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு, தலையைப் பூவுக்கு அருகில் கொண்டுபோக வேண்டும். இரண்டு, இரண்டரை செ.மீ. தூரத்தில்தான் ரோமத்தின் நுனி தெளிவாகத் தெரியும். இந்தப் பழக்கம் கையில் வராமல் 7ஆம் படியைச் செய்ய முடியாது.

உயரக் கோடுகள் உள்ள வரைபடத்தை இணையம் இல்லாமலே திறக்கும்படி தொலைபேசியில் இறக்கிக்கொள்ளுங்கள். சரிவு எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதை அந்தக் கோடுகளிலிருந்துதான் படிக்கப் போகிறீர்கள்.

அனுமதியையும் இப்போதே பார்த்துவிடுங்கள். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் அனுமதிச் சீட்டு இல்லாமல் ஒரு பூவைக்கூடப் பறிக்கக் கூடாது. உத்தராகண்டின் பூக்களின் பள்ளத்தாக்கிலும் அப்படியே. இங்கே சொல்லும் எந்தப் படிக்கும் செடியைப் பறிக்கவோ பிடுங்கவோ தேவையில்லை.

2. தொடும் முன்: நஞ்சு

லார்க்ஸ்பரின் எல்லாப் பகுதியிலும் ஆல்கலாய்டு நஞ்சு உண்டு. நரம்பிலிருந்து தசைக்குப் போகும் சைகையை அது தடுத்துவிடுகிறது. அமெரிக்க மேற்கு மேய்ச்சல் நிலங்களில் மாடுகள் சாவதற்கு முக்கியக் காரணமான செடிகளில் இதுவும் ஒன்று. அதே செடியை ஆடுகள் கணிசமான அளவுக்குத் தாங்கிக்கொள்ளும். ஆகவே "ஆடு தின்கிறதே, ஒன்றும் ஆகவில்லையே" என்று பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

எடைக்கு எடை பார்த்தால், இளந்தளிர் விடும் பருவத்தில்தான் நஞ்சு அதிகம். விதையும் ஆபத்தானது. பூ வரும் முன்பே இலையைப் பார்த்து இனம் காணப் போகிறவர்கள் கையுறையை அந்த நாட்களில் கழற்ற வேண்டாம். இலையைக் கசக்கி முகர்ந்து பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள் அதை விட்டுவிடுங்கள். பக்கத்திலேயே நிற்கக்கூடிய அகோனிட்டம், அதாவது வச்சநாபி வகைச் செடி, இதைவிடவும் மோசம். சாப்பிடும் முன் கை கழுவுவது கட்டாயம்.

3. முதலில் நிலத்தைத் தேர்ந்தெடுங்கள்

இந்தப் படியைச் சரியாகச் செய்தால் பாதி இனங்கள் தாமாகவே கழிந்துவிடும். எந்த நிலத்தில் நிற்கிறோம் என்று தெரிந்தாலே எந்த மூன்று, நான்கு இனங்களுக்குள் தேட வேண்டும் என்பது தெரிந்துவிடுகிறது.

பனி தேங்கும் உயர்மலைப் புல்வெளி. ஆளுயரம் வளரும் இனங்களின் இடம் இது: கொலராடோ, யூட்டா பகுதிகளில் டெல்ஃபினியம் பார்பேயி, ராக்கி மலைகளிலும் அதற்கு மேற்கிலும் ஆக்ஸிடென்டாலே, சியரா நெவாடாவிலிருந்து அலாஸ்கா வரை கிளாக்கம். மண் ஆழமாக இருக்க வேண்டும். கோடை நடுவிலும் ஈரம் வற்றக் கூடாது. அதனால்தான் இவை காற்றுக்கு மறைவான சரிவில், குளிர்காலத்தில் பனி குவிந்து கடைசியாகக் கரையும் பள்ளங்களில், ஓடைக்கரையில், ஆஸ்பென் மரங்களின் அரைநிழலில் திட்டுத்திட்டாக நிற்கின்றன. புல்வெளி முழுக்க அலையாதீர்கள். வரைபடத்தில் வடக்கும் கிழக்கும் பார்த்த சரிவுகளையும் நீர்க்கோடுகளையும் குறித்துக்கொண்டு அங்கே மட்டும் போங்கள். அகன்ற மடிப்பு இலையுள்ள வெராட்ரமும், நீல மணிப்பூத் தொங்கும் மெர்டென்சியாவும் கூட்டமாக நின்றால் சரியான ஈரத்துக்கு வந்துவிட்டீர்கள். இருண்ட ஊசியிலைக் காட்டுக்குள் தேடுவது வீண்.

சேஜ்பிரஷ் புதர்வெளியும் மலையடிவாரமும். இங்கே இருப்பவை குட்டை இனங்கள். பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழ். சில நேரம் ஒரு சாண்தான். நட்டாலியானம், பைகலர், கிரேட் பேசினின் வறண்ட பகுதிகளில் ஆண்டர்சனை ஆகியவை இந்த நிலத்துக்குரியவை. பனி கரைந்த ஈரத்தில் முளைத்து, பூத்து, விதை போட்டு, மண் காயும் முன் மேற்பகுதி கருகிவிடும். கிழங்கு மட்டும் மண்ணுக்குள் அடுத்த வசந்தம் வரை தூங்கும். ஜூலையில் போய்விட்டு "இங்கே இல்லை" என்று எழுதிவிட்டு வருகிறவர்கள் ஏராளம். சேஜ்பிரஷ் புதரின் ஓரத்தில் குனிந்து பாருங்கள். அங்கே ஈரம் கொஞ்சம் கூடுதலாக நிற்கும். வசந்தத்தில் இந்தப் புதர்வெளிகளில் உண்ணி அதிகம். கால்சட்டையைக் காலுறைக்குள் திணித்துக்கொள்ளுங்கள்.

சமவெளிப் புல்நிலம். வயோமிங், கொலராடோவின் அடிவாரங்களிலும் உயர்சமவெளியிலும் கெயெரி. அதற்குக் கிழக்கே பிரெய்ரிப் புல்வெளிகளில் கரோலினியானம். கரோலினியானத்தில் வெள்ளைப் பூவும் சாதாரணம். நீலத்தைத் தேடுகிறவர் அதைக் கடந்து போய்விடுவார்.

இலையுதிர் காடு. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் டிரைகார்னே என்ற குட்டை இனம், ஏப்ரல், மே மாதங்களில், மரங்கள் முழுதாக இலை விடும் முன் பூத்து முடிந்துவிடும். சுண்ணாம்புச் சத்துள்ள சரிவுகளில் தேடுங்கள்.

கலிஃபோர்னியாவின் பாறையும் சப்பரல் புதர்க்காடும். சிவப்புப் பூ லார்க்ஸ்பர் இங்கேதான். வடக்கே ஈரப் பாறைச்சரிவுகளில் குட்டையான நூடிகாவ்லே, தெற்கே ஆளுயர கார்டினாலே. இரண்டையும் நாடி வருவது ஹம்மிங்பேர்டு. கார்டினாலே பூக்கும்போது அடியிலைகள் காய்ந்து போயிருக்கும். "இலையே இல்லாத செடி" என்று குழம்ப வேண்டாம்.

இமயமலை. மேற்கு இமயத்தின் நடுத்தர உயரப் புல்சரிவுகளில் டெனுடேட்டம். 4000 மீட்டருக்கு மேலே கற்குவியல்களுக்கு நடுவே, கஸ்தூரி வாசம் வீசும் புருனோனியானம். பின்னதன் பூ பெரியது; காகிதம்போல் மெல்லிய, நரம்போடிய வெளிர் ஊதா இதழ்கள். செடியோ ஒரு சாணுக்குள்தான் பெரும்பாலும். கற்சரிவில் கால் வைக்கும்போது கீழே பார்த்து நடந்தாலே கண்ணில் படும்.

ஒரு எச்சரிக்கை. சாலையோரத்திலும் கைவிட்ட தோட்டங்களிலும் ஊதா, இளஞ்சிவப்பு, வெள்ளை என்று கலந்து நிற்பது பெரும்பாலும் காட்டுச் செடி அல்ல. தோட்டத்திலிருந்து தப்பி வந்த கன்சோலிடா என்ற நெருங்கிய உறவுச் செடி. பிரித்துக் காண்பது 5ஆம் படியில்.

4. நாளைக் குறிப்பது

நாட்காட்டியைப் பார்த்துக் கிளம்பாதீர்கள். பனி எப்போது கரைந்தது என்று கேட்டுக் கிளம்புங்கள். உயரமான இடங்களில் பூக்கும் நாளை முடிவு செய்வது அதுதான். கொலராடோவின் காத்திக் ஆய்வு நிலையத்தில், சுமார் 2900 மீட்டர் உயரத்தில், சூழலியலாளர் டேவிட் இனோயே 1973 முதல் பூக்களை எண்ணிப் பதிவு செய்யத் தொடங்கினார். பனி கரையும் நாள் ஆண்டுக்கு ஆண்டு வாரக்கணக்கில் முன்பின்னாக நகர்வதும், பூ அதைப் பின்தொடர்வதும் அந்தப் பதிவுகளில் தெளிவாகத் தெரிகின்றன.

அந்த உயரத்தில் நட்டாலியானம் மே இறுதியிலிருந்து ஜூன் வரை, பார்பேயி ஜூலையிலிருந்து ஆகஸ்ட் வரை. ஒரே பயணத்தில் இரண்டையும் நல்ல பூவில் பார்க்க நினைத்தால் ஏமாற்றம்தான். நாள் தவறிவிட்டால் உயரத்தை மாற்றுங்கள். கீழே பூ முடிந்திருந்தால் மேலே ஏறுங்கள், மேலே மொட்டாக இருந்தால் இறங்குங்கள்.

பனி சீக்கிரம் கரைந்த ஆண்டில் பூவும் சீக்கிரம், அதிகம் என்று நினைப்பது இயல்பு. நடப்பது பலமுறை நேர்மாறு. முன்கூட்டியே கிளம்பிய மொட்டு ஜூன் உறைபனியில் மாட்டிக் கருகும். உயரமான இனங்களில் தண்டு செழிப்பாக நிற்க, நுனி மட்டும் பழுப்பாகக் குழைந்து தொங்கினால் அது உறைபனியின் வேலை. அந்தத் திட்டில் அந்த ஆண்டு பூவை எதிர்பார்க்காதீர்கள்; வேறு உயரத்துக்குப் போங்கள்.

ராக்கி மலைகளில் ஜூலை, ஆகஸ்ட் மாத மதியங்களில் இடி மின்னல் வழக்கம். காலையிலேயே ஏறி, நண்பகலுக்குள் திறந்த மேட்டை விட்டு இறங்கிவிடும்படி திட்டமிடுங்கள்.

5. லார்க்ஸ்பர்தானா: பூவைப் பக்கவாட்டில் பாருங்கள்

முன்பக்கம் பார்ப்பதை முதலில் நிறுத்துங்கள். பூவின் பின்னால் குழல்போல ஒரு வால் நீண்டிருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. வண்ணமாகத் தெரியும் ஐந்தும் அல்லி இதழ்கள் அல்ல, புல்லி இதழ்கள். அவற்றில் மேலே இருப்பது பின்னோக்கி வாலாக நீள்கிறது. உண்மையான அல்லி இதழ்கள் நடுவில் சிறிதாக நான்கு. மேல் இரண்டும் தங்கள் தேன்குழல்களை அந்த வாலுக்குள் செருகியிருக்கும். கீழ் இரண்டும் பெரும்பாலும் ரோமத்தோடு, மகரந்தத்தாள்களை மறைத்து நிற்கும்.

வாலுக்குப் பதிலாகத் தலைக்கவசம்போல ஒரு கூடு கவிந்திருந்தால் அது அகோனிட்டம். மேற்கு அமெரிக்க ஓடைக்கரைகளிலும் இமயத்திலும் இரண்டும் ஒரே இடத்தில் நிற்கும், நிறமும் ஒன்றே. தூரத்தில் நின்று "அதே பூதான்" என்று சொல்லிவிட்டு நகர்வது மிகச் சாதாரணமான தவறு. ஒவ்வொரு தண்டையும் தனித்தனியாகப் பக்கவாட்டில் பாருங்கள்.

வால் இருக்கிறது, ஆனால் நடுவில் நான்குக்குப் பதிலாக ஒன்றாக ஒட்டிப்போன ஒரே அல்லி இதழ் என்றால் அது கன்சோலிடா. காயைப் பார்த்தால் உறுதியாகிவிடும். கன்சோலிடாவில் ஒரு பூவுக்கு ஒரே காய். டெல்ஃபினியத்தில் வழக்கமாக மூன்று காய்கள் ஒன்றாக நிமிர்ந்து நிற்கும். கன்சோலிடாவின் இலை நூல்போல் கிழிந்திருக்கும், செடியும் ஒரே ஆண்டுதான் வாழும். மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு பலர் கன்சோலிடாவையும் டெல்ஃபினியத்துக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். களத்தில் பிரித்தறிவதற்கு அந்த மாற்றம் தடையில்லை.

பூக்கதிரின் அடிப்பூவையும் மேல்பூவையும் ஒப்பிட்டுப் பார்க்கவும் மறக்காதீர்கள். ஒவ்வொரு பூவும் முதலில் மகரந்தம் விடும், பிறகுதான் சூல்முடி தயாராகும். பூக்கள் கீழிருந்து மேலே திறப்பதால், அடியில் பெண் நிலைப் பூக்களும் மேலே ஆண் நிலைப் பூக்களும் ஒரே கதிரில் இருக்கும். பம்பிள் தேனீ அடியில் இறங்கி மேலே ஏறிப் போவதைக் கொஞ்ச நேரம் நின்றால் பார்க்கலாம்: வேறு செடியின் மகரந்தத்தை அடிப்பூவில் விட்டு, மேல்பூவிலிருந்து புதிதாக அள்ளிக்கொண்டு அடுத்த செடிக்கு. இது தெரியாதவர்கள் மேல்பூவில் "சூல்முடி இல்லை" என்று குறித்துவிடுகிறார்கள். இனம் காணும் அளவுகளை நடுக்கதிரில் நன்றாக விரிந்த பூவில் எடுங்கள்.

6. பூ இல்லை, இலை மட்டும் என்றால்

மூன்று செடிகளோடு குழப்பம் வரும். காட்டு ஜெரேனியத்தின் தண்டிலைகள் எதிரெதிராக, கணு புடைத்திருக்கும். லார்க்ஸ்பரில் மாறிமாறி ஒவ்வொன்றாக வரும். லூபினில் சிற்றிலைகள் ஒரே புள்ளியிலிருந்து முழுவதும் தனித்தனியாகப் பிரியும். லார்க்ஸ்பர் இலை எவ்வளவு ஆழமாக வெட்டுப்பட்டாலும் அடியில் ஒட்டியே இருக்கும்.

மூன்றாவதான அகோனிட்டம்தான் சிக்கல், இலை அவ்வளவு ஒத்துப்போகும். உயரமான லார்க்ஸ்பரின் தண்டு உள்ளே வெற்றுக் குழாய். அகோனிட்டத்தின் தண்டு உள்ளே அடைத்திருக்கும். இதற்காகப் பச்சைத் தண்டை வெட்டாதீர்கள். போன ஆண்டின் காய்ந்த தண்டு அதே தூரில் கிடந்தால் அதன் முனையைப் பார்த்தாலே போதும். பக்கத்துச் செடியின் தண்டாக இல்லாமல் அந்தத் தூரில் ஒட்டியிருப்பதுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். குட்டை இனங்களின் மெல்லிய தண்டுக்கு இந்தச் சோதனை உதவாது.

7. எந்த இனம்: அடியிலிருந்து மேலே

தண்டின் அடி. விரலால் மேல்மண்ணை ஒரு செ.மீ. விலக்கினால் போதும். தண்டு மண்ணுக்குள் போகும் இடத்தில் நூல்போல் சுருங்கினால் கிழங்கு வகைக் குட்டை இனம். தடித்துக் கட்டைபோல் இருந்தால் நெடுநாள் வாழும் வேர். சுருங்கிய இடத்தில் தண்டு லேசாக இழுத்தாலே அறுந்துவிடும். ஆகவே செடியை ஆட்டாதீர்கள், பார்த்த பிறகு மண்ணை மூடுங்கள். வேரைத் தோண்டிப் பார்ப்பது தேவையற்றது, திட்டையே அழித்துவிடும்.

தண்டின் மேல்தோல். விரலால் தடவினால் சாம்பல் பூத்ததுபோல் வெண்பொடி கலைகிறதா? உயரமான இனங்களில் அது கிளாக்கத்தைச் சுட்டும். கெயெரியில் குட்டையான சுருள் ரோமம் இருக்கும்.

பூக்காம்பு. இங்கேதான் லென்ஸ் வேண்டும். பார்பேயியின் காம்பில் மஞ்சளாக, நுனியில் சுரப்பித் துளியோடு ஒட்டும் ரோமங்கள். கதிரும் குட்டையாக, நெருக்கமாக இருக்கும். ஆக்ஸிடென்டாலேயின் கதிர் நீளமாக, ஒல்லியாக இருக்கும். ஆனால் இவை இரண்டும் சந்திக்கும் இடங்களில் இடைப்பட்ட செடிகள் நிறைய. ஆக்ஸிடென்டாலேயே பார்பேயிக்கும் கிளாக்கத்துக்கும் பிறந்த கலப்பினம் என்று சொல்லும் வகைப்பாட்டு நூல்களும் உண்டு. அப்படிப்பட்ட திட்டில் பெயரைக் கட்டாயப்படுத்தாமல் பார்த்ததை மட்டும் எழுதுவது நல்லது.

கீழ் அல்லி இதழ். குட்டை இனங்களைப் பிரிக்க இது முக்கியம். நட்டாலியானத்தில் அந்த இதழ் நுனியிலிருந்து ஆழமாகப் பிளந்திருக்கும். பைகலரில் சிறு வெட்டு மட்டும். பூவை முன்னாலிருந்து பார்த்து, அளவுகோலை அருகில் வைத்து, பிளவின் நீளத்தையும் இதழின் நீளத்தையும் தனித்தனியாகக் குறியுங்கள். ரோமம் பிளவை மறைக்கும். புல் நுனியால் மெதுவாக ஒதுக்கிவிட்டுப் பாருங்கள்.

ஒரே செடியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரே திட்டில் ஐந்து செடிகளையாவது பாருங்கள். ரோமத்தின் அடர்த்தியும் உயரமும் செடிக்குச் செடி மாறும்.

8. படம் எடுக்கும் வரிசை

முதலில் நிலம், கடைசியில் பூ. பூவோடு தொடங்கினால் நிலப் படத்தை மறந்துவிட்டு நகர்ந்துவிடுவீர்கள். சரிவும் சுற்றியுள்ள செடிகளும் தெரியும்படி ஒன்று, முழுச்செடி, தண்டின் அடி, அடியிலையும் நடுத்தண்டு இலையும் தனித்தனியாக, முழுக் கதிர், பூ பக்கவாட்டில் வால் முழுதும் தெரியும்படி, பூ முன்புறம், காம்பின் ரோமம், காய் இருந்தால் அது. பக்கவாட்டுப் படத்திலும் இலைப் படத்திலும் அளவுகோல் இருக்கட்டும்.

நீல ஊதாவைக் கேமரா பெரும்பாலும் தவறாகக் காட்டும். நேர் வெயிலில் இன்னும் மோசம். உடலால் பூவுக்கு நிழல் கொடுத்து, சாம்பல் அட்டையைப் பின்னால் பிடித்து எடுங்கள். கண்ணுக்குத் தெரிந்த நிறத்தை அங்கேயே நோட்டில் எழுதிவிடுங்கள். பிறகு படத்தைப் பார்த்து எழுதினால் அது கேமராவின் நிறம்.

9. குறிப்பும் பதிவும்

உயரம், சரிவின் திசை, ஈரமா வறட்சியா, மண்ணா கல்லா, நிழல் எவ்வளவு, அருகிலுள்ள மூன்று செடிகள், எத்தனை தண்டுகள், அவற்றில் மொட்டு, பூ, காய் என்று எந்த நிலையில் எத்தனை. இவ்வளவும் அரைப் பக்கத்தில் அடங்கும். "நிறைய" என்று எழுதாதீர்கள், எண்ணுங்கள். அடுத்த ஆண்டு ஒப்பிட எண்தான் உதவும்.

இனம் உறுதியாகாவிட்டால் டெல்ஃபினியம் என்ற பேரினப் பெயரோடு நிறுத்துங்கள். இரண்டு, மூன்று வாரம் கழித்துக் காய்க்கும் நேரத்தில் அதே இடத்துக்குத் திரும்பிப் போனால் பல சந்தேகங்கள் தீரும். அதற்காகவே முதல் நாளில் ஜி.பி.எஸ். புள்ளியைக் குறித்து வையுங்கள். காய்ந்த புல்வெளியில் குட்டை இனத்தைக் கண்ணால் மறுபடி கண்டுபிடிப்பது கடினம்.

அந்தப் புள்ளியை யாரோடு பகிர்கிறீர்கள் என்பதில் கவனம் தேவை. கலிஃபோர்னியாவின் சோனோமா கடற்கரைப் பகுதியில் மட்டும் வளரும் மஞ்சள் லார்க்ஸ்பர், டெல்ஃபினியம் லூடியம், 2000 முதல் அமெரிக்க அரசின் அழியும் நிலை இனங்கள் பட்டியலில் உள்ளது. செடி, விலங்குகளைப் பார்த்த பதிவுகளைப் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற இணையத் தளங்கள் இத்தகைய இனங்களின் இருப்பிடத்தைத் தாமாகவே மங்கலாக்கும். ஆனால் அது நீங்கள் இடும் பெயரை வைத்து நடப்பது. தவறான பெயரிலோ பேரினப் பெயரிலோ ஏற்றினால் துல்லியமான புள்ளி எல்லோருக்கும் தெரிந்துவிடும். அரிய இனமோ என்ற சந்தேகம் இருந்தால் இடத்தை மறைக்கும் தெரிவை நீங்களே முதலில் போட்டுவிட்டு, அதன் பிறகு பதிவை ஏற்றுங்கள்.